'நியர்' வந்தால் 'டு' வேண்டாம்

ஆங்கிலத்தில் 'நியர்' எழுதினால் பின்னால் 'டு' போடாதீர்கள். 'குளோஸ்' எழுதினால் 'டு'வை விடாதீர்கள். 'நியர் த டெம்பிள்', ஆனால் 'குளோஸ் டு த டெம்பிள்'.

'கோவிலுக்குக் கிட்ட' என்று நினைத்துக்கொண்டே எழுதுவதால் எங்கள் 'கு' அங்கே 'டு'வாக இறங்கிவிடுகிறது. 'நியர்' பக்கத்தைக் குறிக்கும் எங்கள் 'அடி' மாதிரி: கோவிலடி, சந்தியடி என்றால் நடுவில் 'கு' வராதுதானே. 'நியர்பை' தனியே நிற்பது. 'எ ஷொப் நியர்பை' சரி, முகவரியில் 'நியர்பை நல்லூர் டெம்பிள்' என்றால் உறுத்தும்.

'நியரர்', 'நியரஸ்ட்' என ஒப்பிடும்போது இந்த விதி இல்லை. 'டு' தாராளமாக வரலாம். நெருங்கிய சிநேகிதருக்கோ 'நியர்' ஒத்துவராது, 'குளோஸ் ஃப்ரெண்ட்'தான். அதை 'குளோஸ்' என்று 'ஸ்' ஒலியோடு முடியுங்கள். 'ஸ்' அதிர்ந்து ஆங்கில 'z' ஒலியானால் கதவை மூடுகிற சொல்லாகிவிடும்.