மலையோர வாடகை வீடுகளில் புகை, கார்பன் மோனாக்சைடு அலாரம்: வீட்டுக்காரர் செய்ய வேண்டியவை

மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியாறு பக்கம் வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் மார்கழிக் குளிருக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை இது. குளிரில் ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும், உள்ளே கேஸ் கீசர் ஓடும், சில வீடுகளில் கரி அடுப்பும் எரியும். போதிய காற்றில்லாமல் எது எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் இல்லை, வாடை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டும் இடத்தை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலியும் குமட்டலும் வரும். தூங்குபவருக்கு அதுகூடத் தெரியாது.

அலாரம் வாங்கும் முன் கீசரைப் பாருங்கள். குளியலறைக்குள் இருந்தால் கழற்றி, வெளிச்சுவரில் மழை படாத இடத்தில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே விடுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் போதும் என்று விட்டுவிடாதீர்கள். வெளிக்காற்று வர வழியில்லாத அறையில் அந்த ஃபேனே கீசரின் புகையை உள்ளுக்கு இழுத்துவிடும். தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தாலோ கரி படிந்தாலோ மெக்கானிக் வரும்வரை ஓட்டக்கூடாது.

கடையில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சிலிண்டர் கசிவைக் காட்டும் கருவி கார்பன் மோனாக்சைடைக் காட்டாது. சிலிண்டர் கேஸான எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். அதனால் அந்தக் கருவி தரையை ஒட்டி இருக்கும். கார்பன் மோனாக்சைடோ அறைக் காற்றோடு கலந்துவிடும். அதற்கு ஈஎன் 50291 என்ற ஐரோப்பியத் தர முத்திரை உள்ள அலாரத்தைக் கேளுங்கள். 50 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 50 பங்கு) அளவில் அது 60 முதல் 90 நிமிடத்துக்குள் ஒலிக்கும், 300 பிபிஎம் என்றால் 3 நிமிடத்துக்குள். குறைந்த அளவில் தாமதமாக அடிப்பது பழுது அல்ல.

அடுப்போ ஹீட்டரோ எரியும் அறையில், அதிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி, சீலிங்கில் என்றால் சுவரிலிருந்து 30 செ.மீ. விட்டு மாட்டுங்கள். படுக்கையறையில் ஒன்று தனியாக வேண்டும். புகை அலாரம் ஒவ்வொரு மாடிக்கும் ஒன்று, சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே. அடுப்புக்கு மேலேயே வைத்தால் மிளகாய் தாளிக்கும்போதெல்லாம் கத்தும். பொறுமை இழந்து பாட்டரியைக் கழற்றிவிடுவார்கள். அடுப்பிலிருந்து 3 மீட்டராவது தள்ளி வையுங்கள். தகரக் கூரையில் உச்சி முனையில் காற்று அசையாது, சற்றுக் கீழே இறக்கி மாட்டுங்கள்.

இங்கிலாந்தில் 2015 முதல், குடியேறும் நாளன்றே அலாரம் வேலை செய்கிறதா என்று வீட்டுக்காரர் சோதித்தாக வேண்டும். அதை நம் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம்: வாங்குவதும் மாற்றுவதும் வீட்டுக்காரர், மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துவதும் கோளாறைச் சொல்வதும் குடியிருப்பவர். சாவி கொடுக்கும் அன்று அவர் கண்ணெதிரே அழுத்திக் காட்டுங்கள். பட்டன் சோதிப்பது பாட்டரியையும் ஒலியையும்தான், சென்சாரை அல்ல. எனவே அலாரத்தின் பின்பக்கம் உள்ள காலாவதித் தேதி கடந்தால் மாற்றியே ஆக வேண்டும். பெயிண்ட் அடிப்பவர்கள் மாட்டிய பிளாஸ்டிக் மூடியை எடுக்க மறப்பதும் வழக்கம், பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குறிப்பைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிக் கதவருகே ஒட்டுங்கள்: எந்த அலாரம் அடித்தாலும் எல்லோரும் உடனே வெளியே, கார்பன் மோனாக்சைடு அலாரமானால் மட்டும் போகும் வழியில் கதவைத் திறந்து வைத்து, வெளியிலிருந்து 112. கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியேறி 1906.