பாடகர் மாறியபின் வந்த அயர்ன் மெய்டன்: 'தி எக்ஸ் ஃபாக்டர்' ஆல்பத்தைக் கேட்கும் முறை

பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டனின் 'தி எக்ஸ் ஃபாக்டர்' பிடிக்கவில்லை என்று சொல்பவர்களிடம் எப்படிக் கேட்டீர்கள் என்று விசாரித்தால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: முதல் பாட்டில் ஆரம்பித்து ஒரே மூச்சில் கடைசிவரை, அதுவும் குழுவின் முந்தைய பாடகர் ப்ரூஸ் டிக்கின்சனின் குரல் மனதில் ஓடிக்கொண்டிருக்கும்போதே. அப்படிக் கேட்டால் இந்த ஆல்பம் பிடிபடாது. 11 பாட்டு, 71 நிமிடம், பெரும்பாலானவை மெதுவாக ஆரம்பிப்பவை, எல்லாமே இருட்டான விஷயங்கள். கேட்கும் வரிசையையும் சத்த அளவையும் கொஞ்சம் மாற்றினால் போதும், இதே ஆல்பம் வேறு மாதிரி கேட்கும்.

முதலில் பின்னணி. 1992-இல் வந்த 'ஃபியர் ஆஃப் த டார்க்' இங்கிலாந்தின் ஆல்ப விற்பனைப் பட்டியலில் முதல் இடம் பிடித்தது. அடுத்த ஆண்டே டிக்கின்சன் விலகினார். அவர் இடத்துக்கு வுல்ஃப்ஸ்பேன் என்ற இசைக்குழுவில் பாடிக்கொண்டிருந்த ப்ளேஸ் பெய்லி வந்தார். 'கில்லர்ஸ்' முதல் 'ஃபியர் ஆஃப் த டார்க்' வரை மெய்டனுக்குத் தயாரிப்பாளராக இருந்த மார்ட்டின் பிர்ச்சும் ஓய்வு பெற்றுவிட்டார். எனவே பேஸ் கிட்டார்காரரும் குழுவின் தலைவருமான ஸ்டீவ் ஹாரிஸ், நைஜல் க்ரீனுடன் சேர்ந்து தானே தயாரித்தார். ஒலிப்பதிவு நடந்தது எஸ்ஸெக்ஸில் ஹாரிஸின் வீட்டிலேயே இருந்த பார்ன்யார்ட் ஸ்டுடியோவில். ஹாரிஸின் மணவாழ்க்கை முறிந்த காலமும் அதுதான். 1995 அக்டோபர் 2 அன்று ஆல்பம் வெளியானது. இங்கிலாந்தில் 8-ஆம் இடம். 1981-இல் வந்த 'கில்லர்ஸ்' ஆல்பத்துக்குப் பிறகு இவ்வளவு கீழே அவர்கள் இறங்கியதில்லை. புதுக் குரல், புதுத் தயாரிப்பு, நொந்துபோன மனம் மூன்றும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்த பதிவு இது. குற்றம் முழுவதையும் பாடகர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

எந்தப் பதிப்பு, எப்படித் தேடுவது

தேடும்போது குழுவின் பெயரையும் சேர்த்தே போடுங்கள். ஆல்பத்தின் பெயரை மட்டும் அடித்தால் பின்னாளில் அதே பெயரில் வந்த பிரிட்டிஷ் பாட்டுப் போட்டி நிகழ்ச்சிதான் பக்கம் பக்கமாக வரும். ஸ்ட்ரீமிங்கில் இப்போது கிடைப்பது 2015-இன் ரீமாஸ்டர், அதாவது பழைய ஒலிப்பதிவை மறுபடி மெருகேற்றிய பதிப்பு. பழைய 1995 சிடி கையில் இருந்தால் அதுவும் போதும், இதற்காகப் புதிதாகச் செலவழிக்க வேண்டியதில்லை. எல்பியாக வாங்கினால் இரட்டைத் தட்டு. பக்கம் மாற்ற எழுந்திருக்கும் இடைவெளி இந்த ஆல்பத்துக்கு உண்மையிலேயே நல்லது செய்கிறது.

செயலியில் மூன்று அமைப்புகளைச் சரிபாருங்கள். பாட்டு வரிசையைக் கலைத்துப்போடும் ஷஃபிள் அணைந்திருக்க வேண்டும். ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கலக்கும் க்ராஸ்ஃபேடு பூஜ்யத்தில் இருக்க வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. 8, 10 விநாடி க்ராஸ்ஃபேடு வைத்திருந்தால், முந்தைய பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் மெல்லிய தொடக்கத்தின் மேல் ஏறி அதை விழுங்கிவிடும். இந்த ஆல்பத்தில் தொடக்கங்களை இழந்தால் பாதியை இழந்த மாதிரி. மூன்றாவது, ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதி. கணினியில் கோப்பாகக் கேட்பவர்கள் அதைப் பாட்டு வாரியாக வைக்காமல் ஆல்பம் வாரியாக வையுங்கள். பாட்டு வாரியாக வைத்தால் பாட்டுகளுக்கு இடையே குழு தீர்மானித்த ஏற்ற இறக்கம் கலைந்துபோகும்.

சத்தமும் ஈக்வலைசரும்

முதல் பாட்டான 'சைன் ஆஃப் த கிராஸ்' தேவாலயத்தில் துறவிகள் பாடுவது போன்ற கூட்டுக்குரலில் ஆரம்பிக்கிறது, மிகத் தாழ்வாக. கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டுவீர்கள். கொஞ்ச நேரத்தில் முழுக் குழுவும் இறங்கும்போது காது வலிக்கும், பதறிப்போய் குறைப்பீர்கள். அதன்பிறகு பாட்டு ஒட்டாது. இதைத் தவிர்க்க ஒரு வழி: மூன்றாவது பாட்டான 'மேன் ஆன் த எட்ஜ்'-ஐ முதலில் அரை நிமிடம் ஓடவிட்டு, அதன் கோரஸ் கேட்பதற்கு இதமாக இருக்கும் அளவில் சத்தத்தை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் குமிழைத் தொடவே வேண்டாம். மெல்லிய பகுதிகள் மெல்லியதாகவே இருக்கட்டும்.

போனின் சொந்த ஸ்பீக்கரில் இதைக் கேட்கவே கேட்காதீர்கள். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். பெய்லி போன்ற கனத்த ஆண்குரலின் ஆதார சுருதி பெரும்பாலும் 100 முதல் 350 ஹெர்ட்ஸுக்குள் நிற்கும். போன் ஸ்பீக்கர் திணறுவது சரியாக இந்த இடத்தில்தான். அதில் கேட்டால் குரலின் உடம்பு காணாமல் போய், மூக்கால் பாடுவது போன்ற ஒரு மிச்சம்தான் வரும். "இவருக்குக் குரலே இல்லை" என்ற தீர்ப்புகளில் சிலவற்றுக்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

அடி, நடு, மேல் ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் 'ராக்' என்று தயாராக வைத்திருக்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். அது வழக்கமாக அடியையும் மேலையும் தூக்கி நடுவைக் குறைக்கும். இந்தக் குரல் வாழ்வதே நடுவிலும் அதற்குச் சற்றுக் கீழேயும்தான். சமமாக வைத்துக் கேட்டுப் பாருங்கள். இன்னமும் மெலிந்து கேட்டால் 250 ஹெர்ட்ஸில் 2 டெசிபல் கூட்டி, 3 கிலோஹெர்ட்ஸில் 2 டெசிபல் குறையுங்கள். அதற்கு மேல் கை வைக்க வேண்டாம். எதிரொலிப் பூச்சு அதிகம் இல்லாத வறண்ட பதிவு இது. பாடுபவர் பக்கத்து நாற்காலியில் இருப்பது போலக் கேட்கும். அந்த வறட்சியைச் சரிசெய்ய ஆசைப்படாதீர்கள், அது இந்தப் பாட்டுகளின் குணத்தோடு சேர்ந்தது.

குரலுக்குக் காதைப் பழக்குவது

டிக்கின்சன் தார ஸ்தாயிக்காரர். மேலே ஏறி அங்கேயே நின்று விளையாடுவது அவர் பலம். பெய்லியின் பலம் மந்தர ஸ்தாயி. மேலே இருப்பதைக் கீழே தேடினால் கிடைக்காது, கீழே இருப்பதை மேலே தேடினாலும் அப்படித்தான். இந்த ஆல்பத்தின் நல்ல இடங்கள் எல்லாமே அவர் கீழே நின்று, ஏறக்குறையப் பேசுவது போலப் பாடும் இடங்கள்.

இதற்கு '2 ஏ.எம்.' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், 5 நிமிடம் 38 விநாடி. இரவு இரண்டு மணிக்கு வேலையிலிருந்து வீடு திரும்பிய ஒருவன், ஒரு பீரோடு உட்கார்ந்து டிவியைப் போட்டுவிட்டு, நாம் எதற்கு இருக்கிறோம் என்று யோசிக்கிறான். அவ்வளவுதான் கதை. அரக்கர்களோ, போர்க்களமோ, எகிப்திய மன்னர்களோ கிடையாது. அந்தத் தொடக்கத்தைப் பெய்லி எந்த ஜோடனையும் இல்லாமல், களைத்தவன் களைப்போடு சொல்வதாகவே பாடுகிறார். ஆகாயத்தைத் தொடும் குரலில் இதைப் பாடியிருந்தால் அந்த மனிதன் செத்துப்போயிருப்பான். ஹெட்ஃபோனில், மற்ற வேலை எதுவும் இல்லாமல், தொடர்ந்து இரண்டு தடவை கேளுங்கள். முதல் தடவை சொற்களைக் கவனியுங்கள். இரண்டாவது தடவை அடிகளின் முடிவில் குரல் எப்படி இறங்குகிறது என்பதை மட்டும் பாருங்கள். இந்த ஒரு பாட்டு பிடித்துவிட்டால் மீதிக்குக் கதவு திறந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் ஒரு வாரம் விட்டு மறுபடி முயலுங்கள், கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம்.

எந்த வரிசையில்

ஆல்பத்தை மூன்று அமர்வாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் வேண்டாம்.

முதல் அமர்வு 16 நிமிடம்: 'மேன் ஆன் த எட்ஜ்', 'லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்', 'தி எட்ஜ் ஆஃப் டார்க்னஸ்'. மூன்றுக்கும் வெளியே ஒரு கதை இருக்கிறது. முதலாவது, 1993-இல் மைக்கேல் டக்ளஸ் நடித்து வந்த 'ஃபாலிங் டவுன்' படம்: கொதிக்கும் வெயிலில் நகராத போக்குவரத்தில் சிக்கியவன் காரை விட்டு இறங்கி நடக்க ஆரம்பிப்பது. இரண்டாவது, அதே பெயரில் வில்லியம் கோல்டிங் எழுதிய நாவல். மூன்றாவது, வியட்நாம் போரைப் பற்றிய 'அபோகலிப்ஸ் நவ்' படத்தைக் கிட்டத்தட்டக் காட்சி வரிசையிலேயே சொல்கிறது. படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டால் ஆற்றில் படகு போகப் போக இசை இறுகுவது தெளிவாகத் தெரியும். படம் பார்க்காதவர்களுக்கு இந்தப் பாட்டு பாதிதான் சேரும்.

இரண்டாம் அமர்வு 25 நிமிடம்: 'சைன் ஆஃப் த கிராஸ்', 'ஃபார்ச்சூன்ஸ் ஆஃப் வார்', 'தி ஆஃப்டர்மாத்'. ஆல்பத்தின் முதுகெலும்பு இதுதான். 'சைன் ஆஃப் த கிராஸ்' 11 நிமிடம் 18 விநாடி. உம்பர்ட்டோ ஈக்கோவின் 'தி நேம் ஆஃப் த ரோஸ்' நாவலின் மடாலயச் சூழல் இதில் இருக்கிறது. கூட்டுக்குரல் அடங்கியதும் நிக்கோ மெக்ப்ரைனின் தாளமும் ஹாரிஸின் பேஸும் பதுங்கிப் பதுங்கி வரும், அதன்மேல் பெய்லி கிசுகிசுப்புக்குப் பக்கத்தில் பாடுவார். வெடிப்பு எப்போது என்று காத்திருக்காதீர்கள், பேஸைப் பின்தொடருங்கள். நடுவில் வரும் நீண்ட வாத்தியப் பகுதியில், டேவ் மர்ரே, ஜானிக் கெர்ஸ் இருவரின் கிட்டாருக்கு அடியில் கீபோர்டு அலை அலையாக விரிவதைக் கேளுங்கள். அந்தப் பகுதியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பாட்டு நீளம் என்று குறைப்படுகிறார்கள்.

அடுத்த இரண்டும் போரைப் பற்றியவை, ஆனால் வீரத்தைப் பற்றியவை அல்ல. 'ஃபார்ச்சூன்ஸ் ஆஃப் வார்' வீடு திரும்பியும் தூக்கம் வராத படைவீரனின் பாட்டு. 'தி ஆஃப்டர்மாத்' சேற்றிலும் மழையிலும் நின்று எதற்காகச் சாகிறோம் என்று கேட்கிறது. இவற்றை அடுத்தடுத்துக் கேட்டால் முதல் அமர்வின் 'தி எட்ஜ் ஆஃப் டார்க்னஸ்' மறுபடி நினைவுக்கு வரும். மூன்றும் ஒரே குடும்பம்.

மூன்றாம் அமர்வில் 'ஜட்ஜ்மென்ட் ஆஃப் ஹெவன்', 'பிளட் ஆன் த வேர்ல்ட்ஸ் ஹேண்ட்ஸ்', '2 ஏ.எம்.', 'தி அன்பிலீவர்'. இதுவும் 25 நிமிடம்தான். 'ஜட்ஜ்மென்ட் ஆஃப் ஹெவன்' தற்கொலை எண்ணத்தை நேரடியாகப் பேசுகிறது. மனம் சரியில்லாத நாளில் இதை ஒதுக்கிவையுங்கள். ஆனால் நடுவில் வரும் இரட்டைக் கிட்டார் மெட்டு இந்த ஆல்பத்தில் வெளிச்சம் விழும் மிகச் சில இடங்களில் ஒன்று. அடுத்த பாட்டு தனி பேஸ் கிட்டாரோடு ஆரம்பிக்கிறது, வேறு வாத்தியமே இல்லாமல், ஒரு நிமிடத்துக்கு. விரல் தந்தியில் படும் சத்தம்வரை கேட்கும். பேஸ் பழகுபவர்கள் இதை வேகத்தைக் குறைத்து ஓடவிட்டு, ஹாரிஸ் எந்த ஸ்வரத்தை நீட்டுகிறார், எதை உடனே அமுக்குகிறார் என்று பார்த்தால் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. 'தி அன்பிலீவர்' சீரற்ற தாளக்கட்டில் நடப்பது. முதல் தடவை தலையாட்ட முடியாது, மூன்றாவது தடவை பழகிவிடும்.

'லுக் ஃபார் த ட்ரூத்' மேலே எதிலும் சேரவில்லை. அது இல்லாமலும் ஆல்பம் நிற்கும்.

இந்த மூன்று அமர்வுக்குப் பிறகுதான் 71 நிமிடத்தையும் அச்சிட்ட வரிசையில் ஒரே தடவையில் கேட்க வேண்டும்.

எங்கே சலிக்கும், ஏன்

மெதுவான தொடக்கம், பிறகு திடீர்க் கனம் என்ற ஒரே அச்சு திரும்பத் திரும்ப வருகிறது. உண்மையான குறை இது. ஐந்தாவது தடவை வரும்போது எதிர்பார்ப்பு மழுங்கிவிடும். அமர்வாகப் பிரிக்கச் சொன்னதும் இதனால்தான். இன்னொரு பரிகாரமும் உண்டு. 'மேன் ஆன் த எட்ஜ்' சிங்கிள் பதிப்புகளின் மறுபக்கத்தில் வந்த 'ஜட்ஜ்மென்ட் டே'-வைத் தேடி எடுத்து 'தி ஆஃப்டர்மாத்'துக்குப் பின் செருகுங்கள். அதன் வேகம் ஆல்பத்தின் நடுவில் மூச்சுவிட இடம் கொடுக்கும். அதை ஆல்பத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

கோரஸ் வரிகளை அளவுக்கு மீறித் திருப்பிப் பாடும் பழக்கமும் ஆங்காங்கே தலைகாட்டுகிறது. 1998-இல் வந்த அடுத்த ஆல்பமான 'வர்ச்சுவல் லெவன்'-இல் அது முற்றிவிட்டது, குறிப்பாகப் பத்து நிமிடத்தைத் தொடும் 'தி ஏஞ்சல் அண்ட் த கேம்ப்ளர்' பாட்டில். பெய்லியோடு அறிமுகம் செய்துகொள்ள அதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள்.

ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால்

டிக்கின்சன் 1999-இல் திரும்பி வந்தபின் இந்தப் பாட்டுகளில் சிலவற்றை மேடையில் பாடியிருக்கிறார். 2001 ஜனவரியில் பதிவான 'ராக் இன் ரியோ'வில் 'சைன் ஆஃப் த கிராஸ்' இருக்கிறது, 2005-இல் வந்த 'டெத் ஆன் த ரோடு'வில் 'லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்' இருக்கிறது. மூல ஆல்பத்தைக் குறைந்தது மூன்று தடவை கேட்டபின் இவற்றுக்குப் போங்கள், முன்னால் போனால் காது ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். ரியோ பதிவில் மூன்று கிட்டாரும் பெருங்கூட்டமும் சேர்ந்து கோரஸ் மலைபோல் எழும். ஆனால் தொடக்கத்தின் அந்தப் பதுங்கலை மட்டும் இரண்டு பதிவிலும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். அங்கே பெய்லியின் பதிவுதான் அச்சமூட்டுகிறது.

பெய்லி மெய்டனின் பழைய பாட்டுகளை மேடையில் பாடிய பதிவுகளை வைத்து முடிவு கட்டுவதும் சரியாகாது. அவை வேறொருவரின் ஸ்தாயிக்காக எழுதியவை, குழுவோ தன் சுருதியை இறக்கவில்லை. அவர் குரலுக்கே அளந்து எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு, விலகியபின் 2000-இல் ப்ளேஸ் என்ற பெயரில் அவர் வெளியிட்ட 'சிலிகான் மெசையா'வைப் போடுங்கள். முதல் பாட்டு போதும், சத்தத்தை மட்டும் இரண்டு புள்ளி குறைத்துக்கொள்ளுங்கள். அது இதைவிடக் கனமான பதிவு.