வெள்ளைக் குள்ளனைப் பார்ப்பது எப்படி? மதுரை வானில் 40 எரிடானி பி

வெள்ளைக் குள்ளன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன்) என்றதும் பலரும், வானிலேயே பளிச்சென்ற விண்மீனான சிரியஸின் துணையைத் தேடுவார்கள். அங்கே போகாதீர்கள். சிரியஸின் பிரகாசம் அதை விழுங்கிவிடும். புதியவர்களுக்கு, 40 எரிடானி என்ற மூன்று விண்மீன் கூட்டத்தில் (ஏ, பி, சி) உள்ள பி-தான் சரி.

தேவை: 6 அங்குல டாப்சோனியன் வகைத் தொலைநோக்கி (1200 மி.மீ. குவியத்தூரம்), 25 மற்றும் 10 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்), சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச். 4 அங்குலத்திலும் பி தெரியும்.

1. நிலா இல்லாத இரவு. ஜனவரி முதல் வாரம் இரவு 9:30 மணிவாக்கில் 40 எரிடானி தெற்கே 72 பாகை உயரத்தில் நிற்கும். வாரத்துக்கு அரைமணி முன்னதாக வரும். உசிலம்பட்டிப் பக்கம் போனால் இருட்டு கிடைக்கும். கண்மாய்க் கரை மட்டும் வேண்டாம், பனி இறங்கிவிடும். ஐபீஸில் பனி படிந்தால் துடைக்காமல் சட்டைப் பையில் போட்டு வையுங்கள்.

2. தொலைநோக்கியை 40 நிமிடம் வெளியே ஆற விடுங்கள். அதற்குள் கண்ணும் இருளுக்குப் பழகும். செல்போனை ஒருமுறை பார்த்தால் பழகியதெல்லாம் வீண்.

3. ஓரியன் விண்மீன் குழுவின் பிரகாசமான ரைகலிலிருந்து மேற்கே, நீட்டிய கையின் ஒன்றரை முஷ்டி தூரம் போங்கள். அங்கே மங்கலாக இரண்டு விண்மீன்கள். தெற்கு பார்த்து நின்றால் இடப்பக்கம் கீழே இருப்பது கெயிட், அதாவது 40 எரிடானி ஏ.

4. 25 மி.மீ. ஐபீஸில் ஆரஞ்சு நிற ஏ-யை நடுவில் வைத்துக் குழாயை விட்டுவிடுங்கள். வான்சுழற்சியில் விண்மீன்கள் நகரும். ஏ ஓரத்தில் மறைந்த ஐந்தாறு விநாடியில், அதன் பின்னாலேயே வந்து மறையும் சாம்பல்வெள்ளைப் புள்ளிதான் பி. நேராகப் பார்த்துத் தெரியாவிட்டால் கடைக்கண்ணால் பாருங்கள்.

பி-யின் ஒளியளவு 9.5 (எண் கூடக்கூட மங்கல்). இந்த மங்கலுக்குத் தூரம் காரணமல்ல. வெறும் 16 ஒளியாண்டுதான். மேற்பரப்பு சுமார் 17,000 கெல்வின், சூரியனைப்போல் சுமார் மூன்று மடங்கு சூடு. ஆனால் சூரியனின் பாதிக்கும் சற்று மேலான நிறை, விட்டத்தில் பூமியைப்போல் ஒன்றரை மடங்குகூட இல்லாத உருண்டைக்குள் அடங்கியிருக்கிறது. ஒளிவிடப் பரப்பே இல்லை! 1783-இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் இதைக் கண்டார். இவ்வளவு மங்கலான விண்மீனின் நிறமாலை (ஒளியைப் பிரித்தால் கிடைக்கும் நிறவரிசை) வெண்மை வகை, அதாவது சூடான விண்மீனுடையது என்று 1910-இல் தெரியவந்தபோது வானியலாளர்களே திகைத்தார்கள்.

5. இனி 10 மி.மீ. பி-யை ஒட்டி, சுமார் 8 விகலை (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு ஒரு விகலை) தள்ளி, 11.2 ஒளியளவில் சி என்ற செங்குள்ளன் (சிறிய, மங்கலான சிவப்பு விண்மீன்) இருக்கிறது. மொட்டைமாடியில் பி-யோடு நின்றுவிடும். பகல் வெயிலில் காய்ந்த தளத்தின் சூடு எழும்பி இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடும். மண் தரையில், பதினொரு மணிக்குள் முயன்று பாருங்கள்.