யெரெவானிலிருந்து ஒரே நாள்: கடைசி ஊரிலிருந்து தொடங்குங்கள்

ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் தங்கி, ஒரு நாளை மட்டும் வெளியே போக ஒதுக்கியிருக்கிறீர்கள் என்றால் வடகிழக்கே போங்கள். செவான் ஏரி, திலிஜான் காட்டூர், ஹகார்த்சின், கோஷவாங்க் என்ற இரண்டு பழைய மடாலயங்கள் ஆகிய நான்கும் கிட்டத்தட்ட ஒரே சாலையில் மணி கோத்த மாதிரி அடுத்தடுத்து வருகின்றன, போக வர எல்லாம் சேர்த்து 250 கிலோமீட்டர் சொச்சம்தான்.

பெரும்பாலானவர்கள் செய்கிற தப்பு, முதலில் வருவது செவான் என்பதால் அங்கேயே இறங்கிவிடுவது. நாங்களும் முதல் தடவை அப்படித்தான் செய்தோம். ஏரியைப் பார்த்ததும் படகு, அப்புறம் கரையோரக் கடையில் மீன், அது வர ஒரு மணி நேரம், திலிஜான் போய்ச் சேர்ந்தபோது மூன்றரை. கோஷவாங்க் போனபோது வெளிச்சமே இல்லை, எதைப் பார்க்க அவ்வளவு தூரம் போனோமோ அதைக் கைப்பேசி விளக்கில் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அடுத்த தடவை தலைகீழாகப் போனோம், எல்லாம் சரியாக அமைந்தது. அதனால் சொல்கிறேன், காலை எட்டு மணிக்குக் கிளம்பி செவானில் நிற்காமல் நேராகக் கோஷவாங்க் இருக்கும் கோஷ் கிராமத்துக்குப் போங்கள். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும்.

வண்டி விஷயம். யெரெவானின் வடக்குப் பேருந்து நிலையத்திலிருந்து செவானுக்கும் திலிஜானுக்கும் மார்ஷ்ருத்கா வேன்கள் உண்டு, மலிவுதான், ஆனால் அவற்றை நம்பி நான்கு இடத்தையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. யாண்டெக்ஸ், ஜிஜி டாக்சி ஆப்களில் போகும்போது வண்டி கிடைத்துவிடும், கோஷ் மாதிரி சின்ன கிராமத்திலிருந்து திரும்பி வரக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு நாள் முழுக்கக் கார் பேசிக்கொள்வதே நல்லது. பேசும்போதே இடங்களின் பெயர், வரிசை, காத்திருக்கும் நேரம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள், முடிந்தால் தாளில் எழுதிக் காட்டுங்கள். எங்கே சாப்பிடுவது என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள். மார்ஷ்ருத்காதான் கட்டுப்படியாகும் என்றால் கோஷை விட்டுவிடுங்கள், திலிஜானில் இறங்கி டாக்சியில் ஹகார்த்சின் போய் வரலாம், ஆனால் யெரெவானுக்குக் கடைசி வேன் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

செவானைத் தாண்டியதும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஒரு சுரங்கப்பாதை வரும். அதற்குள் நுழையும்வரை இரண்டு பக்கமும் மொட்டை மலை, புல். வெளியே வந்தால் ஓக், பீச் (beech) மரங்கள் அடர்ந்த காடு, காற்றின் ஈரமே வேறு. தூங்கிக்கொண்டிருப்பவர்களை இங்கே எழுப்பிவிடுங்கள்.

கோஷவாங்க் கிராமத்து வீடுகளுக்கு நடுவிலேயே இருக்கிறது. வாங்க் என்றால் மடாலயம். பழைய கெதிக் மடாலயம் நிலநடுக்கத்தில் இடிந்ததால் 1188இல் இங்கே புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள். முன்னின்று கட்டியவர் மிகிதார் கோஷ், ஆர்மீனியச் சட்டங்களைத் தொகுத்தவர், நீதிக்கதைகளும் எழுதியவர், அவர் பெயரைத்தான் ஊரும் வைத்துக்கொண்டது. இங்கே நேரே போக வேண்டியது 1291இல் போகோஸ் என்ற சிற்பி செதுக்கிய கச்கார் முன்னால். கச்கார் என்றால் சிலுவைக்கல். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் ஒற்றைப் பலகைக் கல், அதில் சிக்குக் கோலம் போட்டது மாதிரி இழை இழையாகப் பின்னல், ஒரு பின்னலுக்கு அடியில் இன்னொரு பின்னல், அதற்கும் அடியில் வேறொன்று. விரலால் ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி கண்ணால் தொடர்ந்து பாருங்கள், எங்கே மடங்கி எங்கே உள்ளே போகிறது என்று தெரிவதற்குள் ஐந்து நிமிடம் ஓடிவிடும். தொடாதீர்கள், எழுநூறு வருடத்துக்கு மேல் வெயிலிலும் பனியிலும் நிற்கும் கல் அது. வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் அடுக்குகள் பிரிந்து தெரியும், அதற்காகத்தான் இவ்வளவு சீக்கிரம் வரச் சொன்னேன்.

சுவர்களில் இருக்கும் ஆர்மீனிய எழுத்துகளை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? சென்னையில் அரண்மனைக்காரன் தெரு என்று நாம் சொல்லும் ஆர்மீனியன் தெருவில், 1772இல் கட்டிய தேவாலயத்தின் முற்றத்துக் கல்லறைக் கற்களில் இருப்பதும் இதே எழுத்துதான். உலகின் முதல் ஆர்மீனிய இதழ் 1794இல் அச்சானதும் அதே சென்னையில்தான். அந்தத் தெருவில் நடந்துவிட்டு இங்கே வந்து நின்றால் மனசுக்குள் என்னவோ செய்யும்.

அடுத்தது ஹகார்த்சின். பிரதான சாலையிலிருந்து பிரிந்து ஒரு பள்ளத்தாக்கின் கடைசிவரை ஏற வேண்டும். புதுப்பித்திருப்பதால் கல் கொஞ்சம் புதுசாகத் தெரியும், எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை, ஆனால் காட்டுக்கு நடுவில் அது உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு ஈடு கிடையாது. 1248இல் மினாஸ் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய உணவுக்கூடத்தைத் தவறவிடாதீர்கள், குறுக்கும் நெடுக்குமாகப் போகும் வளைவுகளே கூரையைத் தாங்குகின்றன, உச்சியில் உள்ள திறப்பு வழியாக வெளிச்சம் இறங்கும். காத்தா (gata) என்ற இனிப்பு ரொட்டி கண்ணில் பட்டால் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், உள்ளே வெண்ணெயும் சர்க்கரையும் மாவும் பிசைந்த பூரணம், சூடாக இருந்தால் நான்கு பேருக்குப் போதாது.

கோயிலுக்குள் போகும் முறை நமக்குப் பழகியதுதான். தோள், முழங்கால் மூடிய உடை. பெண்கள் ஒரு துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டால் நல்லது. மெழுகுவத்தியை அதற்கென்று வைத்திருக்கும் மணல் தட்டில் மட்டும் நடுங்கள். ஊர்க்காரர்கள் பீடத்துக்கு முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்து வெளியே வருவார்கள், நீங்களும் அப்படியே வாருங்கள்.

மதியச் சாப்பாடு திலிஜானில். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் பயப்பட வேண்டாம், தயிரும் கோதுமையும் சேர்த்துக் காய்ச்சிய ஸ்பாஸ் சூப், லவாஷ் ரொட்டி, சீஸ், கத்தரிக்காய் எல்லாம் கிடைக்கும், ஆனால் சூப்பில் இறைச்சி சாறு சேர்த்தார்களா என்று கேட்டுவிடுங்கள். 'தான்' (tan) என்று கேட்டால் உப்புப் போட்ட மோர் வரும். நன்றி சொல்ல மெர்சி போதும், அவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். மர பால்கனி வீடுகள் உள்ள ஷரம்பேயான் தெரு சின்னது, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். குழந்தைகள் கூட வந்தால் ஹகார்த்சினுக்குப் பதில் பார்ஸ் ஏரிக்குப் போகலாம், காட்டுக்குள் சின்னக் குளம் மாதிரி, படகு உண்டு.

நான்கு மணிக்குச் செவான். கடல் மட்டத்திலிருந்து 1,900 மீட்டர், யெரெவானில் வெயில் கொளுத்தினாலும் இங்கே காற்று குளிரும், ஜாக்கெட் வண்டியிலேயே இருக்கட்டும். இருநூறு சொச்சம் படி ஏறினால் 874இல் நிறுவிய செவானவாங்கின் இரண்டு கறுத்த தேவாலயங்கள். அப்போது இது தீவு. 1930களில் தொடங்கி மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் தண்ணீரை எடுத்துக்கொண்டே போனதில் ஏரி சுமார் 20 மீட்டர் இறங்கி, தீவு கரையோடு ஒட்டிக்கொண்டது. ஏரியைக் காப்பாற்ற அர்ப்பா ஆற்று நீரை 49 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டிக் கொண்டுவந்தார்கள், 1981இல் தண்ணீர் வந்தது. கீழே கார் நிற்கும் இடமும் கடைகளும் இருப்பது ஒரு காலத்து ஏரித்தரை என்று நினைத்துக்கொண்டே படி ஏறுங்கள்.

இஷ்கான் மீன் இந்த ஏரிக்கே உரியது, அழியும் நிலையில் இருக்கிறது. ஏரியில் பிடித்தது என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள், பண்ணையில் வளர்த்ததையே கேளுங்கள்.

தேவாலயங்களோடு நின்றுவிடாமல் அவற்றுக்குப் பின்னால் முனைவரை புல்லில் நடங்கள். பெரும்பாலானவர்கள் படியருகே படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுவார்கள், அந்தப் பக்கம் கூட்டம் இருக்காது. மாலை வெயிலில் தண்ணீர் பச்சைக்கும் நீலத்துக்கும் மாறி மாறிப் போகும். ஆறு மணிக்கு இறங்கினால் ஏழரைக்குள் யெரெவான்.