சின்ன பிளேன்ட ஏவியோனிக்ஸ் (எலெக்ட்ரோனிக் கருவிகள்) செக்: வேலை செய்யுது எண்டா மட்டும் போதாது

தம்பி, அமெரிக்காவுல பழைய செஸ்னா ஒண்டு பங்குக்கு வாங்கினதாச் சொன்னீங்க, ரேடியோ நல்லாக் கதைக்குது ட்ரான்ஸ்பொண்டர் (ராடாருக்கு பிளேன் ஆரெண்டு பதில் அனுப்புற கருவி) லைட்டும் மினுங்குது பிறகென்ன எண்டும் கேட்டீங்க. வேலை செய்யுறது வேற, சட்டப்படி பறக்கிறது வேற.

முதல்ல லொக் புக்க, அதாவது பிளேன்ட பராமரிப்புப் பதிவேட்ட, எடுங்க. அங்கத்த சட்டத்துல ட்ரான்ஸ்பொண்டர் போட்டுப் பறக்கிறதெண்டா 24 மாசத்துக்குள்ள டெஸ்ட் பண்ணியிருக்கோணும், ஐஎஃப்ஆர் (வெளிய பாத்து இல்லாம கருவிகளப் பாத்துப் பறக்கிற முறை) பறக்கிறதெண்டா அல்டிமீட்டரும் (உயரம் காட்டுற மீட்டர்) ஸ்டாட்டிக் சிஸ்டமும் (வெளிக் காத்தழுத்தத்த மீட்டருக்குக் கொண்டு வாற பைப்) அதே 24 மாசம். மாசக் கணக்கு எண்டபடியா 2024 ஜூன் 3 செய்திருந்தா 2026 ஜூன் 30 வரைக்கும் செல்லும். வருசாந்த இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சா இதும் முடிஞ்சுது எண்டு நினைக்கிற ஆக்கள் கனபேர், அது தனி இது தனி, ட்ரான்ஸ்பொண்டர் டெஸ்டுக்கு அனுமதியுள்ள ரிப்பெயார் ஸ்டேஷனுக்குத்தான் போகோணும்.

மறுகா ஸ்டாட்டிக் பைப். கெபினுக்குள்ள காத்தழுத்தம் ஏத்தாத சின்ன பிளேன்ல அல்டிமீட்டர் 1000 அடி ஏறுற அளவுக்கு பைப்புக் காத்த உறிஞ்சி விட்டா, ஒரு நிமிசத்துல முள்ளு 100 அடிக்கு மேல இறங்கப்படாது. பெனலக் கழட்டி பைப்ப ஆரும் திறந்து பூட்டினா, தேதி மிச்சம் இருந்தாலும் ஐஎஃப்ஆருக்கு முன்னுக்கு திரும்ப டெஸ்ட்தான். இஞ்ச நம்மட மட்டக்களப்பு வாவிக்கரை உப்புக் காத்துல கொனெக்டர் எல்லாம் பச்சை பிடிச்சுக் கிடக்கிறது நமக்குத் தெரியும்தானே, நீங்களும் கடல் பக்கம் நிப்பாட்டுறதெண்டா அன்டெனா அடியையும் எர்த் வயரையும் கழட்டி வடிவாப் பாருங்க, பிட்டோ ட்யூபுக்கு (வேகம் அளக்க முன்காத்தப் பிடிக்கிற குழாய்) கவர் போடாம விட்டா குளவி மண் வச்சு அடைச்சிரும், ஊதி எடுக்க வெளிக்கிட வேணாம் மீட்டர் உடைஞ்சிரும்.

விஓஆர் (நிலத்து ரேடியோ நிலையத்த வச்சு திசை காட்டுற கருவி) வச்சு ஐஎஃப்ஆர் போனா 30 நாளைக்கு ஒருக்கா செக். நிலத்துல 4 பாகை, ஆகாயத்துல 6 பாகைக்குள்ள பிழை நிக்கோணும். தேதி, இடம், பிழை எவ்வளவு எண்டு எழுதி கையெழுத்து வைங்க.

இலங்கைல 4ஆர் எண்டு தொடங்குற பதிவு இலக்கம் உள்ள பிளேன் எண்டா இந்தக் கணக்கப் பிடிக்க வேணாம், சிவில் விமான அதிகாரசபை ஒப்புக்கொண்ட மெயின்டனன்ஸ் புரோகிராம்ல என்ன கிடக்கோ அதுதான்.

திரும்ப அமெரிக்கக் கணக்குக்கு வந்தா, ஈஎல்டிய (பிளேன் விழுந்தா இடத்தக் காட்ட சிக்னல் அனுப்புற பெட்டி) 12 மாசத்துக்கு ஒருக்கா பாக்கோணும், மொத்தமா ஒரு மணித்தியாலத்துக்கு மேல ஓடின பெட்டரி, இல்லாட்டி பாதி ஆயுள் முடிஞ்ச பெட்டரி, மாத்தத்தான் வேணும். அது 406 மெகாஹெர்ட்ஸ்ல சிக்னல் அனுப்புற வகை எண்டா மெனுவல்ல சொன்ன டெஸ்ட் சுவிட்ச மட்டும் அமத்துங்க, ஒன்ல போட்டா சிக்னல் சாட்டலைட்டுக்குப் போய் உண்மையாவே உங்களத் தேட வெளிக்கிட்டிருவாங்க.