மின் ஹைட்ரோபொயில் பலகையின் புரொப்பெல்லரைக் கையாளும் முறை

நந்திக்கடல் போன்ற ஆழம் குறைந்த களப்பில் மின் ஹைட்ரோபொயில் பலகையை, அதாவது நீருக்கடியிலுள்ள சிறகால் நீர்மட்டத்துக்கு மேலே எழுந்து மின்மோட்டரால் ஓடும் பலகையை, இறக்குபவர், அதன் புரொப்பெல்லர் பலகைக்குக் கீழே ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர் ஆழத்தில் சுழல்கிறது என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். இடுப்பளவு நீர் போதாது. நெஞ்சளவுக்கு மேல் நீர் உள்ள இடத்திலேயே மோட்டரை இயக்கவும்.

15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2000 முறை சுழன்றால், இதழின் நுனி விநாடிக்கு ஏறக்குறைய 16 மீற்றர் வேகத்தில் செல்லும். அந்த வேகத்தில் இதழ் பிளாஸ்ரிக்கா உலோகமா என்பது விரலுக்குப் பெரிய வேறுபாடில்லை. இதழ்களைச் சுற்றி வளையம் பொருத்தினால் நுனி பக்கவாட்டில் உடலில் படாது. ஆயினும் முன்னும் பின்னும் திறந்தே இருப்பதால் விரல் நுழையக்கூடும். வளையத்தால் நீரின் இழுவையும் அதிகரிக்கும். மோட்டரை நிறுத்தி அலையில் வழுக்கிச் செல்ல விரும்புவோருக்கு மடங்கும் இதழ்கள் இழுவையைக் குறைக்கும். அவை பாதுகாப்புக்கான ஏற்பாடு அல்ல. பழகுநருக்கு வளையமே தகும் என்பது என் கருத்து.

இறால் பிடிப்போரின் வலைகளை விட்டுத் தூர விலகி ஓடவும். நைலோன் நூல் புரொப்பெல்லரின் தண்டில் சுற்றிக்கொண்டால், மோட்டரை இயக்கும் கைக் கருவியான றிமோட்டை அணைப்பதோடு நில்லாமல், கரைக்கு வந்து பற்றரியின் இணைப்பைக் கழற்றிய பின்னரே அதை அறுத்தெடுக்கவும். விழும்போது றிமோட்டின் விசையை விட்டுவிட்டு, பலகையிலிருந்து விலகிப் பக்கவாட்டில் விழவும்.