பின்ட்டோவின் இருபது ஆண்டுகளை அரை மணி நேரத்தில் சொல்வது எப்படி: வேலூர் இசை மாணவர்களுக்கான வழிகாட்டி

பியானோ பயிலும் மாணவர்கள் ஆண்டுக்கொரு முறை பெற்றோர் முன்னிலையில் வாசித்துக் காட்டும் நிகழ்ச்சிகள் வேலூரிலும் ராணிப்பேட்டையிலும் நடப்பதுண்டு. அவற்றில் ஒவ்வொரு மாணவரும் தாம் வாசிக்கும் இசையமைப்பாளரைப் பற்றிச் சில நிமிடங்கள் பேச வேண்டும் என்ற வழக்கம் இருந்தால், மொசார்ட்டும் பீத்தோவனும்தான் திரும்பத் திரும்ப வருவார்கள். அவர்களை விட்டு விலகி, ஜார்ஜ் ஃபிரெடரிக் பின்ட்டோ என்ற ஆங்கிலேய இளைஞரை எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்துக்குள் பேச்சும் வாசிப்புமாக ஒரு நிகழ்ச்சியை அமைக்க விரும்புவோருக்காக இந்தக் குறிப்புகள் எழுதப்படுகின்றன. இவர் 1785 செப்டம்பர் 25 அன்று லண்டனின் லாம்பெத் பகுதியில் பிறந்து, 1806 மார்ச் 23 அன்று இறந்தார். இருபதரை வயது நிறைவதற்கு இரண்டு நாள் மீதமிருந்தது.

முதலில் செய்ய வேண்டியது, கேட்பவர் மனத்தில் காலத்தை ஊன்றுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று பொதுவாகச் சொன்னால் எவருக்கும் எதுவும் பிடிபடாது. வேலூர்க்காரருக்கு அந்தச் சிரமம் இல்லை. பின்ட்டோ இறந்த அதே ஆண்டு ஜூலை 10 அன்று அதிகாலையில்தான் கோட்டைக்குள் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். நெற்றிக்குறியையும் தாடியையும் தடைசெய்து புதிய தலையணியைத் திணித்த ஆணை அதற்கு முந்தைய நவம்பரிலேயே வந்துவிட்டது. ஆகவே லண்டனில் அந்த இளைஞர் தம் கடைசிக் குளிர்காலத்தைக் கழித்த மாதங்களில் இங்கே அந்தக் கிளர்ச்சிக்கு வித்திட்ட ஆணை வந்துவிட்டிருந்தது. மக்கான் சந்திப்பில் இருக்கும் நினைவுத்தூணைக் கடந்து பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளைக்கு இந்த ஓர் இணைப்பு போதும். ஆனால் இதை இரண்டு வாக்கியங்களுக்கு மேல் நீட்டக் கூடாது. வேலூரில் 1806 என்று சொன்ன மாத்திரத்தில் கேட்பவர் கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்புவின் பிள்ளைகளையும், ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பியையும் நினைக்கத் தொடங்கிவிடுவார். அவரைத் திரும்ப லண்டனுக்கு அழைத்து வருவது கடினம். இரு நிகழ்வுகளுக்கும் காரண காரியத் தொடர்பு எதுவும் இல்லை என்பதையும் அப்போதே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

குடும்பத்தைப் பற்றி நிறையப் பேசத் தேவையில்லை. பின்ட்டோ என்பது தாய்வழிப் பெயர். தாத்தா தாமஸ் பின்ட்டோ, நேப்பிள்ஸிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த, லண்டனில் பெயர் பெற்ற வயலின் கலைஞர். பேரனும் முதலில் வயலினைத்தான் எடுத்தார். அவருடைய ஆசிரியர் யோகான் பீட்டர் சாலமன் என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் 1791-லும் 1794-லும் ஹைடனை லண்டனுக்கு வரவழைத்துப் பெரும் இசை நிகழ்ச்சிகளை நடத்தியவர் அவரே. அதாவது, அன்றைய ஐரோப்பாவின் தலைசிறந்த இசையமைப்பாளர் லண்டனில் இருந்தபோது பின்ட்டோ பத்து வயதைத் தொடாத சிறுவன். அந்த இசையாளரை அழைத்து வந்தவரிடமே பிறகு பாடம் கேட்டவன். 1796 முதல் மேடையில் வயலின் வாசித்தான். வளர வளரப் பியானோவே முதன்மையானது.

வயலின் என்ற சொல் வந்த இடத்தில் நம் பக்கத்துச் செய்தி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியும், வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவராகப் போற்றப்படுபவருமான பாலுசுவாமி தீட்சிதர் பிறந்தது 1786 என்பது மரபு. பின்ட்டோவை விட ஏறக்குறைய ஓராண்டு இளையவர். எழுபது வயதைக் கடந்து வாழ்ந்தவர். சென்னையில் ஆங்கிலேயரின் பேண்டு இசையைக் கேட்டு ஒரு குடும்பம் தன் இசையை விரித்துக்கொண்டிருந்த காலமும், லண்டனில் இந்த இளைஞர் பியானோவுக்கு எழுதிக்கொண்டிருந்த காலமும் ஒன்றே என்று சொன்னால், அவையில் கர்நாடக இசை கற்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இனி இசைக்கு வருவோம். பேச்சின் பாதி நேரம் இதற்கே உரியது. குறுகிய வாழ்வைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சாவிலிருந்து பின்னோக்கிப் பார்த்துப் பரிதாபத்தை வளர்ப்பார்கள்; அந்த ஆள் எழுதிய ஒரு பக்கத்தைக்கூட வாசித்துக் காட்ட மாட்டார்கள். எனக்கு இது ஒவ்வாதது. பின்ட்டோவின் மூன்றாம் எண் தொகுப்பாக 1801-ஐ ஒட்டி வெளிவந்த இரண்டு பெரிய சொனாட்டாக்களில் (பல பகுதிகள் கொண்ட கருவியிசைப் படைப்புகள்) முதலாவது ஈ ஃபிளாட் மைனரில் அமைந்தது. அதை எழுதியவருக்கு வயது பதினாறு அளவில்தான் இருந்திருக்கும். அந்த இசைத்தாளின் முதல் வரியைப் பெரிதாக நகலெடுத்து மேடையில் வைத்து, அதன் தொடக்கத்தில் வரிசையாக நிற்கும், ஸ்வரத்தை அரைப்படி தாழ்த்தும் ஆறு ஃபிளாட் குறிகளை மாணவரே விரல் வைத்து எண்ணிக் காட்டட்டும். பிறகு கீபோர்டில் அந்த ஸ்வர வரிசையை மெல்ல ஏறி இறங்கட்டும்: ஐந்து கறுப்புக் கட்டைகளும் அதில் வந்துவிடும், வெள்ளைக் கட்டைகளில் எஃப், பி என்ற இரண்டு மட்டுமே வரும். அன்றைய லண்டனில் வீட்டுப் பெண்பிள்ளைகள் வாசிக்க அச்சிட்டு விற்கப்பட்ட பியானோ இசையில் இரண்டு மூன்று குறிகளுக்கு மேல் போவது அரிது. ஆறு குறிகளோடு ஒரு சிறுவன் அச்சுக்குக் கொடுத்தான் என்பதே அவனுடைய துணிச்சலுக்குச் சான்று. அதற்கு மேல் அடைமொழிகள் வேண்டாம்.

கர்நாடக இசை தெரிந்த அவையாக இருந்தால், இரண்டரைக் கட்டைச் சுருதியில் நடபைரவி மேளத்தின் ஸ்வரங்களை வாசிப்பது போன்றது இது என்று சொல்லிப் புரியவைக்கலாம். இது ஒரு தொடக்கத்துக்கு மட்டுமே உதவும். பின்ட்டோ அந்த ஏழு ஸ்வரங்களுக்குள் நிற்பவர் அல்லர். எதிர்பாராத இடத்தில் சுருதி அடிப்படையையே மாற்றிக்கொண்டு போவதுதான் அவருடைய இயல்பு. பிற்காலத்தில் இவரை ஆராய்ந்தவர்கள் ஷூபர்ட்டின் சாயல் தெரிகிறது என்று சொல்லக் காரணமும் அதுவே. 1797-இல் பிறந்த ஷூபர்ட் அப்போது சிறு குழந்தை.

கருவியைப் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு. அக்காலத்து லண்டன் பியானோக்களில் பரவலாக இருந்தது ஐந்தரை ஸ்தாயி, அதாவது 68 கட்டைகள். இங்கே வீடுகளில் இருக்கும் கீபோர்டுகளில் பெரும்பாலானவை 61 கட்டைகள் கொண்டவை. எண்ணிப் பார்த்தால், குறைவது அடிப்பகுதியில் உள்ள ஏழு கட்டைகள் மட்டுமே. மேல் எல்லை இரண்டிலும் ஒன்றுதான். எனவே முழு அளவுப் பியானோ கிடைக்கவில்லை என்று பின்வாங்க வேண்டியதில்லை. இடக்கை மிகத் தாழ்ந்து போகும் இடங்களில் மட்டும் ஒரு ஸ்தாயி உயர்த்தி வாசித்துக்கொள்ளலாம். ஆனால் விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறையாத கீபோர்டில் இந்த இசையை வாசிக்கவே கூடாது. பின்ட்டோவின் இசை முழுவதும் அந்த ஏற்ற இறக்கத்தில்தான் உயிர் வாழ்கிறது. வாத்தியம் இரவல் வாங்கும்போதே இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சொனாட்டா முழுவதையும் வாசிக்க முயல வேண்டாம். எட்டாம் கிரேடு முடித்தவருக்கே அது பெரும் உழைப்பு. முதல் பகுதியின் தொடக்கப் பக்கம் போதுமானது. பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் பழைய அச்சுப் பிரதிகளின் படங்கள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றில் விரல் எண்கள் பெரும்பாலும் இரா. ஆசிரியரைக் கொண்டு முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும்.

பேச்சின் நடுமையமாக எதை வைப்பது என்று கேட்டால், ஜெர்மானிய இசையமைப்பாளர் யோகான் செபஸ்டியன் பாக் தொடர்பான செய்தியை வைக்குமாறு சொல்வேன். இருபத்து நான்கு சுருதிகளிலும் இரண்டு சுற்றாக முன்னிசையும் ஃபியூகுமாக (ஒரே கருவைப் பல குரல்கள் மாறி மாறி எடுத்துச் செல்லும் வடிவம்) நாற்பத்தெட்டு இணைகளைக் கொண்ட பாக்கின் பெருந்தொகுப்பு அவர் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் கையெழுத்துப் பிரதிகளாகவே இசைவாணர்களிடையே உலவியது. 1801-ஐ ஒட்டித்தான் ஐரோப்பாவில் முழுமையாக அச்சேறியது. அந்தத் தொகுப்பை, தம்மை விடப் பத்தொன்பது வயது மூத்தவரும் தேர்ந்த ஆர்கன் கலைஞருமான சாமுவேல் வெஸ்லிக்கு அறிமுகப்படுத்தியவர் பின்ட்டோ. இதை வெஸ்லியே பின்னர் பதிவு செய்திருக்கிறார். அந்த வெஸ்லிதான் இங்கிலாந்தில் பாக்குக்காக ஓயாமல் வாதாடியவர். ஹார்ன் என்ற இசையாளருடன் சேர்ந்து 1810 முதல் 1813 வரை நாற்பத்தெட்டுக்கும் ஆங்கிலப் பதிப்பைக் கொண்டுவந்தவர். முதல் பிரதி விற்பனைக்கு வந்தபோது பின்ட்டோ இறந்து நான்காண்டு ஆகியிருந்தது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தம்பி சார்ல்ஸ் வெஸ்லியின் மகனே இந்தச் சாமுவேல் என்று சொன்னால், ஆலயப் பாடகர் குழுவிலிருந்து வந்திருப்பவர்களுக்கு ஆள் உடனே விளங்கிவிடும். சார்ல்ஸ் எழுதிய கிறிஸ்துமஸ் பாடலை அவர்கள் ஒவ்வோர் ஆண்டும் பாடுகிறவர்கள்.

இந்த இடத்தில் பாக்கின் முதல் தொகுதியில் எட்டாவதாக உள்ள ஈ ஃபிளாட் மைனர் முன்னிசையிலிருந்து சில வரிகளை வாசித்து, உடனே பின்ட்டோவின் சொனாட்டா தொடக்கத்தை வாசித்துக் காட்டலாம். ஒரே சுருதி, ஒரே கறுப்புக் கட்டைகள். ஒன்றைப் பார்த்துத்தான் மற்றொன்றை எழுதினார் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அடுத்தடுத்துக் கேட்கவைப்பதோடு பேச்சாளரின் வேலை முடிகிறது.

இங்கிலாந்தின் மொசார்ட் என்ற பட்டத்தை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். இந்த இளைஞர் நீடித்து வாழ்ந்து, நகர வாழ்க்கையின் கவர்ச்சிகளுக்கு இணங்காமல் இருந்திருந்தால் இங்கிலாந்து இரண்டாவது மொசார்ட்டைப் பெற்றிருக்கும் என்ற கருத்தைச் சாலமன் சொன்னதாகச் சொல்வார்கள். மாணவர்கள் முதல் பாதியை விட்டுவிட்டுப் பட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அதே பட்டம் 1778-இல் இருபத்திரண்டு வயதில் நீரில் மூழ்கி இறந்த தாமஸ் லின்லிக்கும் கொடுக்கப்பட்டது. அவராவது பதினான்கு வயதை நெருங்கியபோது ஃபுளாரன்ஸில் மொசார்ட்டை நேரில் சந்தித்து நண்பரானவர். இளம் வயதில் இறந்த ஒவ்வொருவருக்கும் எடுத்து மாட்டுகிற மாலையாக அது ஆகிவிட்டது. பட்டத்துக்குப் பதிலாக ஒரு நட்பைச் சொல்லுங்கள்: பின்ட்டோ தம் சி மைனர் சொனாட்டாவை நண்பர் ஜான் ஃபீல்டுக்குக் காணிக்கையாக்கினார். டப்ளினில் பிறந்த ஃபீல்டு 1802-இல் தம் ஆசிரியர் கிளமென்டியோடு லண்டனை விட்டு ரஷ்யாவுக்குப் போய், பியானோவுக்கு நாக்டர்ன் என்ற அமைதியான இரவுநேர இசை வடிவத்தைத் தந்து, பின்னாளில் ஷோப்பேனுக்கு வழி காட்டியவர். இவரோடு பழகிய தோழர் என்றால் பின்ட்டோ எத்தகைய வட்டத்தில் இருந்தார் என்பது கேட்பவருக்குத் தானாகவே விளங்கும்.

இறப்பைப் பற்றி வேலூர் அவை கட்டாயம் கேட்கும். மருத்துவமனையைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. வந்திருப்போரில் நான்கு பேராவது மருத்துவராகவோ செவிலியராகவோ இருப்பார்கள், எந்த நோய் என்ற கேள்வி எழும். அக்காலத்துக் கலைஞர் என்றாலே காசநோய் என்று சொல்லிவிடும் பழக்கம் இருக்கிறது. பின்ட்டோவுக்கு அதைச் சூட்டக் கூடாது. அவருடைய கேளிக்கை வாழ்வே காரணம் என்று சமகாலத்தவர் பேசினார்கள். அது ஊர்ப்பேச்சு, மருத்துவச் சான்று ஆகாது என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். காசநோயால் இறந்த ஆங்கிலப் பியானோ இசையமைப்பாளரைத்தான் பேச வேண்டுமென்றால், பர்மிங்ஹாமில் 1833-இல் பிறந்து 1858-இல் இருபத்து நான்கு வயதில் மறைந்த ஃபிரான்சிஸ் எட்வர்ட் பாஷ் இருக்கிறார். லண்டனில் ஸ்டெர்ன்டேல் பென்னட்டிடமும் பிறகு லைப்ஸிக்கிலும் பயின்ற அவர், உடல்நிலை கருதிக் குளிர்காலத்தை அல்ஜியர்ஸ் போன்ற வெதுவெதுப்பான இடங்களில் கழித்தவர். தட்பவெப்பமே மருந்து என்று நம்பப்பட்ட காலத்தைப் பற்றி அங்கே விரிவாகப் பேச இடமுண்டு. அது வேறொரு மாலைக்குரிய பொருள்.

நேரப் பங்கீடு எளிது. காலம், குடும்பம், சாலமன் எல்லாம் சேர்த்து ஆறு நிமிடங்கள். ஈ ஃபிளாட் மைனர் பக்கத்தை விளக்கி வாசிக்கப் பத்து. பாக்கும் வெஸ்லியும் எட்டு. எஞ்சியது ஃபீல்டுக்கும் கேள்விகளுக்கும். நேரம் குறைந்தால் குடும்பத்தை வெட்டுங்கள், பாக்கை வெட்டாதீர்கள்.

பின்ட்டோ முடிக்காமல் விட்டுச்சென்ற சி மைனர் ஃபான்டசியாவும் (கட்டற்ற கற்பனையில் அமைந்த இசைத்துண்டு) சொனாட்டாவும் அவர் இறந்த பிறகே வெளிவந்தன. 1805-இல் லண்டனுக்கு வந்து குடியேறிய ஆஸ்திரியக் கலைஞர் ஜோசஃப் வோல்ஃபுல் அவற்றை நிறைவு செய்தார். நிகழ்ச்சியின் கடைசியில் இதிலிருந்து ஒரு பகுதியை வாசிப்பதாக இருந்தால், நிகழ்ச்சி நிரலை அச்சுக்கு அனுப்பும் முன் அந்த வரியில் இரண்டு பெயர்களும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எழுதியவர் பின்ட்டோ, நிறைவு செய்தவர் வோல்ஃபுல்.